மூலக் கணவரின் நகல்

"மழை பெய்யுதுன்னு தெரியாதா உனக்கு? ஜன்னலைத் திறந்து போட்டுட்டுத் தூங்கினா மெத்தை என்ன ஆகும்? அறிவுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் எங்கயாவது மறந்து வெச்சிட்டு வந்துட்டியா?"

"நான் மூடிட்டுத்தான் படுத்தேன்."

"மூடியிருந்தா இது ஏன் சொட்டுது? உன்னைக் கட்டிக்கிட்டு நான் பட்டதெல்லாம் போதும்."

"நீ மட்டும் என்ன..."

"கேக்கல," என்றது தெருவிலிருந்து ஒரு குரல்.

பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த சாவிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலருகே வந்து நின்று, "நீ மட்டும் என்ன ஒழுங்கு" என்று கத்தினார். கத்திவிட்டு, பாடம் ஒப்பித்தவன் வாத்தியார் முகத்தைப் பார்ப்பதுபோலக் கீழே பார்த்தார். எதிர்வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் தலையை அப்படியும் இப்படியுமாக ஆட்டினார். தேவலை என்று அர்த்தம். நல்லது என்று அர்த்தமில்லை.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழை எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து வெகுநாள் ஆகிறது. மெத்தையை நனைத்தவர் சாவிக்காரரேதான். விடிந்ததும் எழுந்து, வாளியில் தண்ணீர் மொண்டு வந்து, மனைவி படுத்திருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு ஜன்னலோரமாக ஊற்றுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இதை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுவர்கள் மெல்லியவை, அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

அப்படிப்பட்ட மனிதர் தினமும் காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு.

கம்பெனி என்றால், ஊருக்கு வெளியே ஜன்னலே இல்லாமல் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அந்த சிப்பு கம்பெனி. அதிகாரிகள் அதைச் 'சில்லு' என்பார்கள்; அவர்கள் வாங்கும் சம்பளத்துக்குச் சுத்தத் தமிழ் கட்டுப்படியாகும். நாம் சிப்பு என்றே வைத்துக்கொள்வோம். மணலிலிருந்து எடுத்த ஒரு பொருளை உருக்கி, வட்டத் தகடாக அறுத்து, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, மேலே மருந்து பூசி, வெளிச்சம் காட்டி, உலையில் வைத்து எடுத்து, மறுபடி பூசி, மறுபடி வைத்து, கடைசியில் நறுக்கினால் நகத்தளவு சிப்புகள் கிடைக்கும். நடுவில் ஒரு தூசு விழுந்தால் போச்சு. அதனால் உள்ளே போகிறவர்கள் கண் மட்டும் தெரியும்படி தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொள்வார்கள். சாவிக்காரரின் மனைவி அங்கே உலையில் தகடு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாள். அதனால் தெருவில் அவளுக்கு உலைக்காரி என்று பெயர்.

கம்பெனியின் வரலாறு எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். மனப்பாடம் ஆக்கிவிட்டார்கள். முதல் ஆலை வேறோர் ஊரில், பழைய சோப்புக் கிடங்கு ஒன்றில் தொடங்கியதாம். அங்கே செய்த முதல் சாமான், கவிழ்த்தால் அழும் பொம்மைக்கான சிப்பு. பாதிப் பொம்மைகள் அழவில்லை. மீதிப் பாதி நிறுத்தவில்லை. அடுத்தது, பிரித்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை. அதுவும் தகடு தகடாகக் குப்பைக்குப் போனது. கடையை மூடிவிடலாம் என்று இருந்த நேரத்தில், ஒருநாள் காலை ஒரு தகடு முழுசாக, ஒரு சிப்புகூடப் பழுதில்லாமல் வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பிறந்தது கம்பெனியின் ஒரே கொள்கை. அதன் பெயர் 'அப்படியே'.

எதையும் மாற்றாதே, இருந்தது இருந்தபடி வை. இரண்டாவது ஆலை கட்டும்போது முதல் ஆலையின் குழாய்கள் எங்கே எப்படி வளைந்தனவோ அங்கே அப்படி வளைத்தார்கள். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்த இடத்தில் உளிவைத்து உரித்தார்கள். முதல் ஆலையின் கழிப்பறையில் ஒரு குழாய் ஒழுகியதாம். இரண்டாவதில் எவனோ விவரம் தெரியாதவன் நல்ல குழாயைப் போட்டுவிட்டான். திறப்புவிழாவுக்கு முன்பு அதைக் கண்டுபிடித்து, ஒழுகவைப்பதற்கென்றே ஓர் ஆளை நியமித்தார்கள். அவர் படிப்படியாக உயர்ந்து ஒழுகல் பிரிவு மேலாளராக ஓய்வுபெற்றார்.

எங்கள் ஊரில் இருப்பது மூன்றாவது ஆலை. வளைவு, உரிசல், ஒழுகல் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. தகடுதான் தேறவில்லை. அதிகாரிகள் முகம் வெளிறியது. அப்போது வரலாற்றுப் பிரிவுக்கு ஒரு ஞானம் பிறந்தது. குழாயை நகல் எடுத்தோம், மனிதரை எடுத்தோமா?

தேடினார்கள். அந்த நல்ல காலையில் முதல் ஆலையின் உலையில் நின்றவள் நெட்டையான ஒரு பெண், இடக்கைப் பழக்கக்காரி. புருஷனோடு சண்டை போட்டுவிட்டு, அழுது சிவந்த கண்ணோடு வேலைக்கு வந்தாள் என்று அவளோடு நின்ற ஒருத்தி சொன்னாளாம். எங்கள் உலைக்காரியும் நெட்டை, இடக்கைக்காரி. அழுத கண் மட்டும்தான் குறை. அந்தக் குறையைத் தீர்க்கச் சாவிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கடை போட்டுச் சாவி வெட்டுகிறவர். கம்பெனியிலிருந்து ஆள் வந்ததும், எவன் வீட்டையோ எவனோ தான் வெட்டிக்கொடுத்த சாவியால் திறந்துவிட்டான் என்றுதான் முதலில் பயந்தார். அதற்கு மட்டும் பயந்திருக்கலாம்.

வரலாற்று அதிகாரி ஓர் அம்மாள். எல்லோரும் மேடம் என்பார்கள். குரலில் தேன் ஒழுகும். அவர் சாவிக்காரரை முதலில் சாதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கம்பெனியின் சாமான்கள் வரிசையாக இருந்தன. அழுகிற பொம்மை முதல் பெட்டியில் கவிழ்ந்து கிடந்தது. நல்லவேளை, அழவில்லை.

"இது ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்குன்னு ஃபிரிட்ஜுக்கே உணர்த்தற சில்லு," என்றார் மேடம். "இது அந்தச் சில்லு ஒழுங்கா உணருதான்னு கண்காணிக்கற சில்லு. இது, கண்காணிக்கற சில்லு தூங்கிட்டா எழுப்பற சில்லு."

"கதவைச் சாத்திட்டாப் போதாதுங்களா?"

"சாத்திட்டா மூணும் விக்காது." மேடம் சிரித்தார். "உக்காருங்க. பயப்படாதீங்க. இங்க யாரும் பயப்படறதில்ல."

சுவரோரம் நின்ற ஊழியர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒரே சமயத்தில் ஆட்டினார்கள்.

"எங்க கம்பெனியப் பத்தி யார் என்ன குறை வேணா சொல்லலாம். எதையாவது புரிஞ்சுக்கிட்டோம்னு மட்டும் சொல்ல முடியாது. புரிஞ்சுக்கப் போன கம்பெனி எல்லாம் மூடியாச்சு. ஏன் தெரியுமா? புரிஞ்சுட்டா மாத்தத் தோணும். மாத்தினா போச்சு. அதனால நாங்க படிச்சவங்களா பார்த்துத்தான் வேலைக்கு எடுக்கறோம். ஆனா யோசிக்கறதுக்குன்னு எடுக்கறதில்ல. நீங்க இன்னியிலேர்ந்து மூலக் கணவரோட நகல். தினமும் காலையில ஒரு சண்டை, அவ்வளவுதான்."

"சண்டையா? எதுக்குங்க?"

"ஜன்னலை மூடலை, மழையில மெத்தை நனைஞ்சிடுச்சு. அதுதான் மூலச் சண்டை."

"எனக்குச் சண்டை வராதுங்க."

"வரவழைச்சுக்கலாம். வரலைன்னா, பாவம், உங்க மனைவி நல்ல பொண்ணு. வேற ஒரு நெட்டைப் பொண்ணைத் தேடணும். அவங்க புருஷன் கத்தறவரா இருப்பாரு."

தேன் அப்படியேதான் இருந்தது.

முதல் நாள் சண்டையைக் கேட்டிருக்க வேண்டுமே நீங்கள். "ஏங்க, ஜன்னலை மூடக் கூடாதாங்க?" என்று உலைக்காரி ஆரம்பித்தாள். உடனே கீழேயிருந்து இருமல். மூல மனைவி மூலக் கணவரை 'நீ' என்றுதான் சொன்னாளாம், 'ங்க' போடவில்லையாம். இதைத் திருத்துவதற்கென்றே எதிர்வீட்டுப் படிக்கட்டில் வரலாற்றுப் பிரிவு ஓர் ஆளை உட்கார வைத்திருந்தது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காது. உலைக்காரி கண்ணை மூடிக்கொண்டு, "நீ" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாவிக்காரருக்கு அது ஒரு மாதிரி இருந்தது. போகப்போகப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகிற்று. அதுதான் வினையாய் முடிந்தது.

அந்த வாரமே தகடுகள் கொஞ்சம் தேறத் தொடங்கின. வெயில் காலம் முடிகிற நேரம், காற்றில் ஈரம் மாறியிருக்கும், அல்லது இயந்திரத்துக்கே சலித்துப்போய் ஒழுங்காக ஓடியிருக்கும். யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்வது கம்பெனியின் கொள்கைக்கு விரோதம். ஆலையில் ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். சாவிக்காரரைப் பாராட்டி ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் 'முதல்தரச் சண்டை' என்று பொறித்திருந்தது. அதை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

ஆனால் காதுக்கு வேலை கூடிவிட்டது. சாயங்காலமும் வந்து உட்காரத் தொடங்கினார். மூலத் தம்பதி சண்டைக்குப் பிறகு சாயங்காலம் சமாதானம் ஆனதாக எங்கும் தகவல் இல்லையாம். அதனால் இவர்களும் ஆகக் கூடாது. உலகத்தில் மற்ற வீடுகளில் சண்டை போடத்தான் கதவைச் சாத்துவார்கள். இவர்கள் அன்பாக ஒரு வார்த்தை பேச மிக்ஸியைப் போட்டார்கள். ஜாரில் ஒன்றும் இருக்காது. அது வெறுமனே அலறும். அந்த அலறலுக்குள் அவள் அவர் காதருகே வந்து, "இன்னிக்குச் சாப்பிட்டீங்களா? கடையில வெயில் அடிக்குதா?" என்பாள். அவர், "காலையில நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதம்மா" என்பார். மிக்ஸி சூடாகி வாடை வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் அன்றைக்கு.

ஒருநாள் அப்படி மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது, "தலைவலி எப்படி இருக்கு உனக்கு?" என்றாள்.

உனக்கு என்று சொல்லிவிட்டாள். அவளே கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். மறுநாள் காலைச் சண்டையில் அவள், "ஒரு நாளாவது எனக்காக நீ வாய் திறந்து யார்கிட்டயாவது பேசியிருக்கியா?" என்றாள். கீழே காது நிமிர்ந்து உட்கார்ந்தார். மூலச் சண்டையில் இது கிடையாது.

அன்று மிக்ஸி ஓடும்போது அவர் கேட்டார். "காலையில கேட்டியே, அது கம்பெனிக் கோபமா, உன் கோபமா?"

"எனக்கே தெரியலைங்க," என்றாள். "கத்த ஆரம்பிக்கும்போது அவங்களோடதா இருக்கு. முடிக்கும்போது என்னோடதா ஆயிடுது. பயமா இருக்கு."

மறுநாள் கடையில் அவர் வெட்டிய சாவி ஒன்றும் பூட்டில் நுழையவில்லை.

இந்த நேரத்தில்தான் மேடம் மறுபடி கூப்பிட்டனுப்பினார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை, தட்டிக்கொடுத்தார்.

"அடுத்த கட்டம் வந்தாச்சு. முதல் ஆலையோட பெரிய அறுவடை எப்ப ஆரம்பிச்சுது தெரியுமா? மூலக் கணவர் வீட்டை விட்டுப் போன அன்னிக்கு. ஆலையோட ஆண்டு விழா அன்னிக்கு ஒரு பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பினார். திரும்பிக்கூடப் பார்க்கல."

"எங்க போனாருங்க?"

"தெரியல."

"அப்புறம் என்ன ஆனாரு?"

"தெரியல. அதனாலதான் நீங்களும் என்ன ஆனீங்கன்னு தெரியக் கூடாது." மேடம் கனிவாகப் பார்த்தார். "அதையெல்லாம் நாங்க ஏற்பாடு பண்ணிடுவோம். நீங்க எதுவும் அலைய வேண்டாம்."

சாவிக்காரர் பக்கத்திலிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "என் மனைவி?"

"அவங்களுக்கென்ன. மூல மனைவி அடுத்த வருஷமே உலை மேற்பார்வையாளரைக் கட்டிக்கிட்டாங்க. இங்கயும் மேற்பார்வையாளர் இருக்காரே."

"அவருக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்களே."

"அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு," என்றார் மேடம்.

அந்த மேற்பார்வையாளர் ஒரு சாது. மறுநாளே சாவிக் கடைக்கு வந்து நின்றார். கையில் ஒரு சாவி.

"என் வீட்டுச் சாவி. இன்னொண்ணு வெட்டணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பூட்டையே மாத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"பூட்டை மாத்திட்டா இது எதுக்கு சார் ஆகும்?"

"தெரியுது. சும்மா ஏதாவது கையில இருக்கட்டுமேன்னு." அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "அண்ணே, நீங்க போயிடாதீங்க. கால்ல வேணா விழறேன். நீங்க போனா அடுத்தது நான்."

"நான் எங்க சார் போறேன்? அனுப்பறாங்க."

"உங்க வீட்டம்மாவைத் தப்பாச் சொல்லல. நல்லவங்க. ஆனா எனக்கு எங்க வீட்டுக்காரியத்தான் பழக்கம்."

இரண்டு பேரும் வெகுநேரம் சாவி வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது சும்மா சுழன்றுகொண்டிருந்தது.

ஆண்டு விழா அன்று எங்கள் தெருவில் பந்தல் போட்டு நாற்காலி போட்டார்கள். நாங்களும் போனோம்; தெருவில் ஒருவரை நாடு கடத்துகிறார்கள் என்றால் வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவில்லை. அடுத்து யார் எதற்கு நகல் என்று யாருக்கும் தெரியாதல்லவா. நெட்டையாக இருந்தவர்கள் கொஞ்சம் குனிந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பெனித் தலைவர் வந்திருந்தார். முதல் ஆலையைத் தொடங்கியவரின் மகன். ஒலிபெருக்கி முன் நின்று பேசினார். "என் தந்தை என்ன கண்டுபிடித்தார் என்று கேட்கிறார்கள். ஒன்றுமே இல்லை. ஒரு நல்ல விஷயம் நடந்தது, அதற்குக் குறுக்கே அவர் நிற்கவில்லை. நானும் என் வாழ்நாளில் எதையும் கண்டுபிடித்ததில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யார் முதலில் நிறுத்துவது என்ற பயம்.

பிறகு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். தகரப் பெட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி, மூலையில் ஒரு நசுங்கல். அதை அன்று காலைதான் நசுக்கினார்கள். சாவிக்காரர் தூக்கிப் பார்த்தார். தோள் ஒரு பக்கமாக இறங்கிற்று.

"உள்ள என்னங்க?"

"செங்கல்," என்றார் மேடம். "மூலக் கணவர் சாய்ஞ்சு சாய்ஞ்சு நடந்தார்னு பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்திருக்காங்க. உள்ள என்ன இருந்துதுன்னு தெரியல. சாய்வு வந்தாப் போதும்."

தெருமுனையில் ஒரு வண்டி நின்றது. அதற்கும் ஜன்னல் இல்லை.

உலைக்காரி வாசலில் நின்றாள். வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. அழ வேண்டும் என்பது உத்தரவு. அவள் அழவில்லை. சாவிக்காரர் அவளைப் பார்த்தார். ஏதாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாயைத் திறந்தார். மிக்ஸி ஓடவில்லையே என்ற நினைப்பு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. நின்றார். கை மாற்றிக்கொண்டார். மறுபடி நடந்தார்.

அவள் படியிறங்கினாள். உடுப்பின் தலையுறையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று போய், பெட்டியின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்தாள்.

"என்ன பண்றே நீ? போ உள்ள," என்றார் அவர். குரல் நன்றாகவே கேட்டது.

"கனமா இருக்குல்ல. பிடிங்க ஒழுங்கா."

காது எழுந்துவிட்டார். "மேடம், தடுக்கட்டுமா?"

மேடத்தின் முகத்தில் முதன்முறையாகத் தேன் வற்றியது. தலைவரைப் பார்த்தார். தலைவர் வரலாற்றுப் பிரிவைப் பார்த்தார். வரலாற்றுப் பிரிவு மேடத்தைப் பார்த்தது.

"அன்னிக்கு யாராவது யாரையாவது தடுத்தாங்களா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். எல்லாரும் உக்காந்திருந்தாங்க."

"அப்ப உக்காருங்க."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். கைப்பிடிக்கு ஒருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போனதை நாற்காலியின் நுனியில் இருந்து பார்த்தார்கள். தெருமுனையில் வண்டிக்காரர் கதவைத் திறந்து வைத்திருந்தார். இரண்டு பேர் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டார்.

"எனக்குச் சொன்னது ஒரு ஆளு. ரெண்டு பேர ஏத்த எனக்கு உத்தரவில்ல," என்று வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கே போனாரோ, அதுவும் இன்றுவரை தெரியாது.

அவர்கள் இருவரும் அங்கேயே கொஞ்சநேரம் நின்றார்கள். பிறகு செங்கல் பெட்டியைத் தெருமுனையில் இறக்கிவைத்துவிட்டு, பேருந்து நிலையப் பக்கம் திரும்பினார்கள். ஓடவில்லை. ஓடினால் யாராவது துரத்தத் தோன்றும் என்று பயந்திருப்பார்கள்.

அன்று உலையில் தகடு ஏற்ற ஆளில்லை, இறக்கவும் ஆளில்லை. உள்ளே இருந்தது உள்ளேயே கிடந்து வெந்தது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், மூன்றாவது ஆலையின் சரித்திரத்திலேயே முதன்முறையாக, ஒரு தகடு முழுசாக, ஒரு சிப்புகூடப் பழுதில்லாமல் வந்திருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது ஆலை வேறோர் ஊரில் எழும்பிவிட்டது. மேடம் பதவி உயர்ந்து அங்கே போய்விட்டார். அங்கே ஆண்டு விழாவுக்கு ஒரு நெட்டைப் பெண்ணும் அவள் புருஷனும் செங்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறார்களாம், பந்தல் போட்டு வழியனுப்புகிறார்களாம். மேற்பார்வையாளர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேலையை விட்டுவிட்டுக் கடலோரமாக எங்கோ ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். காது, தான் தினமும் உட்கார்ந்த படிக்கட்டு வீட்டுத் தையல்காரியையே கல்யாணம் செய்துகொண்டு எங்கள் தெருவோடு தங்கிவிட்டார். அவர்கள் வீட்டில் நடக்கும் சண்டை அசல் சரக்கு. மதிப்பெண் போட ஆளில்லாமல் வீணாகிறது.

சாவிக்காரரும் உலைக்காரியும் குடியேறிய ஊரைத் தேடி வரலாற்றுப் பிரிவிலிருந்து இன்னமும் ஆள் வருகிறார்கள். அங்கே என்ன வீடு, ஜன்னல் எந்தப் பக்கம், சேர்ந்து சாப்பிடுகிறார்களா, அவள் அவரை 'நீ' என்கிறாளா 'நீங்க' என்கிறாளா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். எல்லாம் அஞ்சாவது ஆலைக்காம். எங்கள் தெருவில் ஆளுக்கொரு ஊர் பெயர் சொல்லி அனுப்புகிறோம். உண்மையான ஊர் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே கடை நன்றாக நடக்கிறது. போன மாதம்கூட ஒருத்தர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எந்த ஊர் என்று நீங்கள் கேட்காதீர்கள். கேட்கிறவர் யாரென்று எங்களுக்கு எப்படித் தெரியும்?